16 பிட் படத்தை ஜேபெக்காக மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இன்றைய கேமராக்களின் ரா கோப்பு, அதாவது சென்சர் பதிந்த பதப்படுத்தாத தரவு, பெரும்பாலும் 14 பிட். ஒவ்வொரு பிக்சலும் ஒளியை 16,384 படிகளில் குறித்துக்கொள்கிறது. லைட்ரூமிலோ டார்க்டேபிளிலோ திருத்தி 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால், ஒரு நிறத்துக்கு 65,536 படிகள் வரை இடம் உண்டு. இணையத்தில் எல்லோரும் பார்க்கிற ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இந்த எண்களைப் பார்த்ததும் மாற்றினாலே படம் நாசமாகிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. திருத்தி முடித்த படத்தைக் காட்ட 256 படிகள் தாராளம். திருத்துவதற்குத்தான் அவை போதாது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மாற்றிய பிறகு படம் கெட்டுப்போனால் எல்லோரும் 8 பிட்டைத்தான் திட்டுகிறார்கள். தேடிப் பார்த்தால் காரணம் வேறு எங்காவது இருக்கும்: நிறப் புரொஃபைல், வேலைகளின் வரிசை, அல்லது ஒரு முறை சுருக்கியதையே மறுபடி சுருக்கியது.

வரிசை இதுதான். திருத்தம் முழுவதையும் 16 பிட்டிலேயே முடியுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதில் லேயர்களை ஒன்றாக்குங்கள். அப்புறம் பிக்சல் அளவைக் குறையுங்கள், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், கூர்மை கொடுங்கள். அதன் பிறகே 8 பிட், கடைசியில் ஜேபெக். கீழே வரும் கோளாறுகளில் சில, 8 பிட் இந்த வரிசையில் முன்னால் ஏறிக்கொண்டதால் வருபவை.

சேமிக்கப் போனால் பட்டியலில் ஜேபெக்கே இல்லை

பழைய ஃபோட்டோஷாப்பில் 16 பிட் படம் திறந்திருந்தால் சேமிப்புப் பட்டியலில் ஜேபெக் தெரியாது. ஜேபெக் கோப்பு 8 பிட் என்பதால் அப்படி. சிஎஸ்5 முதல் அது பட்டியலில் வந்துவிட்டது, சேமிக்கும்போது மென்பொருளே 8 பிட்டாக்கிக்கொள்ளும். 2021-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் 'சேவ் எ காப்பி' பொத்தானுக்குள் போய்த் தேட வேண்டும், அல்லது 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பயன்படுத்தலாம். பட்டியலில் 32 பிட் கோப்புக்கான வகைகள் மட்டுமே தெரிந்தால் நீங்கள் ஹெச்டிஆர் கோப்பில் இருக்கிறீர்கள். 'இமேஜ்' மெனுவில் 'மோட்' போய் முதலில் 16-க்கு இறக்குங்கள். எப்படிச் சுருக்கட்டும் என்று கேட்டு ஒரு டோனிங் பெட்டி வரும். அங்கே கண்ணால் பார்த்து முடிவெடுங்கள், அப்படியே ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்துதான் அதில் 16, 32 பிட் வேலை நடக்கும். பழைய கணினியில் 2.8 இருந்தால், டிஃபைத் திறந்த நொடியிலேயே அது 8 பிட்டாகிவிடும். அதன் பிறகு வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோட்டை (கர்வ்ஸ்) எவ்வளவு கவனமாக இழுத்தாலும் பலன் குறைவுதான்.

ஏற்றியதும் நிறம் வெளிறிவிடுகிறது

அடிக்கடி வருகிற புகார் இதுதான். நம் திரையில் தகதகவென்று இருந்த படம், உலாவியில் சாயம் போன துணி போலத் தெரியும். இதற்கும் பிட் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பிக்சலில் 200, 40, 30 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. இது எந்தச் சிவப்பு? எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தக் கலர் ஸ்பேஸில், அதாவது எந்த நிற அளவுகோலில், எழுதப்பட்டது என்று கோப்பில் ஒட்டியிருக்கும் புரொஃபைல்தான் சொல்லும். இணையத்தின் வழக்கமான கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது. அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலம், குறிப்பாகப் பச்சைப் பக்கம். கோடாக் உருவாக்கிய புரோஃபோட்டோ இன்னும் பெரிது, கண்ணுக்கே தெரியாத நிறங்களுக்குக்கூட அதில் எண் உண்டு. லைட்ரூமிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும் கோப்பு, நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், 16 பிட் புரோஃபோட்டோவாகத்தான் போகும். அந்த எண்களைப் புரொஃபைல் இல்லாமல் இணையத்தில் போட்டால், பார்க்கிறவரின் கருவி அவற்றை எஸ்ஆர்ஜிபி எண்களாகவே படிக்கும். பெரிய அளவுகோலில் எழுதியதைச் சின்ன அளவுகோலில் படித்தால் நிறம் குறையத்தான் செய்யும்.

எவ்வளவு வெளிறியது என்பதே ஒரு துப்பு. பச்சையும் சிவப்பும் மட்டும் லேசாக மந்தமானால் மூலம் அடோபி ஆர்ஜிபியாக இருக்கலாம். முகங்கள் பிணம் போல வெளிறி, படமும் கொஞ்சம் இருண்டிருந்தால் அது புரோஃபோட்டோ. அதன் காமா (வெளிச்சத்தை எண்ணாக மாற்றும் வளைவு) 1.8, எஸ்ஆர்ஜிபியுடையது ஏறக்குறைய 2.2 என்பதால்தான் அந்த இருட்டும் சேர்ந்து வருகிறது.

கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக்கே வெளிறுகிறதா? கோப்பின் பெயரைப் பாருங்கள். அடிக்கோட்டில் தொடங்கினால் கேமரா அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறது. கேனான், நிக்கான், சோனி மூன்றிலும் இந்த வழக்கம் உண்டு. மெனுவில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ரா கோப்பை இந்த அமைப்பு ஒன்றும் செய்யாது, கேமரா உருவாக்கும் ஜேபெக்குக்கு மட்டுமே இது பொருந்தும்.

சரிசெய்ய, ஃபோட்டோஷாப்பில் 'எடிட்' மெனுவில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே 'அசைன் புரொஃபைல்' என்று ஒன்று இருக்கும், பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். 5 பவுண்டு என்று எழுதிய மூட்டையில் பவுண்டை அடித்துக் கிலோ என்று எழுதுவதுதான் அசைன். 2.27 கிலோ என்று கணக்குப் போட்டு எழுதுவது கன்வர்ட். அசைன் செய்ததும் திரையிலேயே நிறம் குதித்தால் தப்பான பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள். கன்வர்ட் செய்தால் திரையில் மாற்றம் அநேகமாகத் தெரியவே கூடாது.

லைட்ரூமில் ஏற்றுமதிப் பெட்டியில் 'கலர் ஸ்பேஸ்' என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபி இருந்தால் போதும். ஃபோட்டோஷாப்பின் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பெட்டியில் இரண்டு டிக் உண்டு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, புரொஃபைலைச் சேர். இரண்டையும் போடுங்கள். எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் சில கிலோபைட்தான். அதைக்கூட மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண் கஞ்சத்தனம்.

கோப்பு சரியாக எஸ்ஆர்ஜிபியில், புரொஃபைலோடு இருக்கிறது, ஆனாலும் கைப்பேசியில் ஒரு மாதிரி, கணினியில் வேறு மாதிரி. அப்போது கோப்பை விட்டுவிடுங்கள். கைப்பேசித் திரை 'விவிட்' அமைப்பில் இருக்கும், அல்லது மடிக்கணினித் திரைக்கு எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் திராணி இருக்காது. எல்லோர் வீட்டுத் திரையையும் நாம் திருத்த முடியாது.

வானத்தில் பட்டை பட்டையாக வருகிறது

அந்தி வானம், பனிமூட்டம், ஸ்டூடியோவின் பின்திரை. நிறம் மெல்ல மெல்ல மாறும் இடங்களில் வளைவு வளைவாகக் கோடுகள் விழும். 8 பிட்டுக்கு உண்மையாகவே பங்கு உள்ள கோளாறு இது. ஆனால் இங்கேயும் நான்கு விதமான பட்டைகள் உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் மருந்து போட்டுப் பயனில்லை.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பிக்சலின் நிற எண்களைக் காட்டும் ஐட்ராப்பர் கருவியை எடுத்துப் பட்டையின் ஓரத்தைத் தாண்டி நகர்த்தி, எண்களைக் கவனியுங்கள்.

எண்கள் 3, 4 என்று தாவினால், 8 பிட்டில் இருந்துகொண்டு வளைகோட்டையோ கான்ட்ராஸ்ட்டையோ இழுத்திருக்கிறீர்கள். வானம் முழுக்க 20 படிகளுக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பிட்டில் அதே இடத்தில் 5,120 படிகள் இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் இடைவெளி தெரியாது. 8 பிட்டில் இழுத்தால் அந்த 20 படிகளே ஒன்றைவிட்டு ஒன்று விலகும், நடுவில் நிரப்ப எதுவுமில்லை. எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமும் பல் விழுந்த சீப்பாகிவிடும். இதற்கு மூலத்துக்கே திரும்பிப் போவதுதான் வழி. 8 பிட் படத்தை மறுபடி 16 பிட்டாக மாற்றுவதால் இழந்தது வராது.

இதிலேயே ஒரு கண்ணி உண்டு. ஃபோட்டோஷாப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களை ஒன்றாக்காமல் 8 பிட்டுக்குப் போனால், அந்தத் திருத்தங்கள் எல்லாம் இனி 8 பிட் படத்தின் மேல்தான் கணக்கிடப்படும். 16 பிட்டில் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். மாற்றும்போது லேயர்களை ஒன்றாக்கவா என்று கேட்கும், செய் என்று சொல்லுங்கள். அதேபோல, புரோஃபோட்டோவில் இருந்தபடியே 8 பிட்டுக்கு இறங்குவதும் கூடாது. அவ்வளவு பெரிய பரப்பில் 256 படிகளைத் தூவினால் ஒவ்வொன்றுக்கும் நடுவே தூரம் அதிகம். முதலில் எஸ்ஆர்ஜிபி, பிறகு 8 பிட்.

எண்கள் ஒவ்வொன்றாகத்தான் மாறுகின்றன, பட்டையும் தெரிகிறது என்றால் அது 8 பிட்டின் இயல்பான எல்லை. 2,000 பிக்சல் நீள வானம் 20 படிகளில் மாறினால் ஒவ்வொரு பட்டையும் 100 பிக்சல் அகலம், கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு அது தட்டுப்படும். இதற்கு டித்தரிங் உதவும். படியின் ஓரத்தில் பிக்சல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலைத்துவிட்டால் கோடு மறைந்துவிடும். கிம்பில் 'இமேஜ்' மெனுவின் 'பிரிசிஷன்' வழியாக 8 பிட்டுக்கு இறக்கும்போது டித்தரிங் வகையைக் கேட்கும். நேராக ஜேபெக் ஏற்றுமதி செய்தாலும் 8 பிட் ஆகும்தான், ஆனால் இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்காது. ஃபோட்டோஷாப்பில் நான் சிபாரிசு செய்வது கொஞ்சம் செயற்கைத் துகள். படத்தைச் சிறிதாக்கிய பிறகு, இன்னும் 16 பிட்டில் இருக்கும்போதே, வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'ஆட் நாய்ஸ்' ஒரு சதவீதம் அல்லது அதற்கும் கீழே, காசியன், மோனோகுரோமேட்டிக். முன்னாலேயே போட்டுவிட்டுச் சிறிதாக்கினால் துகள்கள் சராசரியாகிக் கரைந்துவிடும். ரா மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கடைசி வரை தள்ளி வானத்தைப் பீங்கான் தட்டாக்கிவிட்டு, பிறகு பட்டை வருகிறதே என்று அழுபவர்களும் உண்டு. இயற்கையாக இருந்த துகள்தான் இலவச டித்தரிங்.

மூன்றாவது வகை, பட்டையின் ஓரம் வழவழவென்று இல்லாமல் படிக்கட்டு போலச் சதுரம் சதுரமாக இருப்பது. அது ஜேபெக் சுருக்கத்தின் கைவரிசை, சேமிக்கும் பெட்டியில் 100 வரை போகும் தர எண்ணைக் கூட்டுங்கள். கஷ்டப்பட்டுப் போட்ட துகளையும் குறைந்த தரம் துடைத்துவிடும் என்பதால், வானம் அதிகமுள்ள படங்களுக்கு நான் 85-க்குக் கீழே இறங்குவதில்லை.

நான்காவது வகையில் ஐட்ராப்பர் எண்கள் ஒழுங்காகக் கலைந்து மாறும், ஆனாலும் கண்ணுக்குப் பட்டை தெரியும். குறை உங்கள் திரையில். மலிவு மடிக்கணினிகளில் பல, உள்ளே 6 பிட் பேனலை வைத்து மினுக்கி மினுக்கி 8 பிட்டாகக் காட்டுபவை. வேறொரு திரையில் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சிவப்புச் சேலை ஒரே அப்பாக அப்பிக்கொண்டது

பட்டுச்சேலை, செம்பருத்தி, சாமந்தி, ஊதா நிற மேடை விளக்கு. மூலத்தில் மடிப்பும் இதழும் தெரிந்தன, ஜேபெக்கில் பெயின்ட் கொட்டியது போல ஒரே நிறம். எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காத நிறங்கள் எல்லாம் எல்லைக்கோட்டில் வந்து குவிந்துவிட்டன. ஹிஸ்டோகிராமில் சிவப்பு சேனலை மட்டும் பாருங்கள், வலது ஓரத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மாற்றும் பெட்டியில், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் 'பெர்செப்சுவல்' என்று மாற்றிப் போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும், அடங்காத நிறத்தை எல்லையில் வெட்டும் 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' கணக்குதான் நடக்கும். கையால்தான் செய்ய வேண்டும். லைட்ரூமில், வெளியீடு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிக் காட்டும் 'சாஃப்ட் புரூஃபிங்' போட்டு எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தால், அடங்காத இடங்களைச் சுட்டிக்காட்டும். சிவப்பின் செறிவையும், சில படங்களில் வெளிச்சத்தையும், மடிப்புகள் திரும்பத் தெரியும் வரை குறையுங்கள். மொத்தப் படத்தின் செறிவையும் குறைக்காதீர்கள், மற்ற நிறங்கள் என்ன பாவம் செய்தன?

படம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு

திருமண ஆல்பம் செய்பவர்களுக்கு இது வராது. வானியல் கேமரா, நுண்ணோக்கி, சில ஸ்கேனர் மென்பொருள்களிலிருந்து வரும் டிஃப் கோப்புகளில் வரும். 12 பிட் தரவை 16 பிட் பெட்டிக்குள் அப்படியே போட்டிருப்பார்கள். 65,535 வரை போகிற அளவுகோலில் இவர்களுடைய உச்ச வெள்ளையே 4,095. 6 சதவீதம் வெளிச்சம்! 14 பிட் என்றால் 25 சதவீதம். தரவு பத்திரமாக இருக்கிறது. 16 பிட்டில் இருக்கும்போதே 'லெவல்ஸ்' திறந்து வெள்ளைப் புள்ளியை ஹிஸ்டோகிராம் முடிகிற இடத்துக்கு இழுங்கள். 8 பிட்டாக்கிய பிறகு இழுத்தால், 12 பிட் கோப்பில் உங்களுக்கு மிஞ்சுவது 16 படிகள்தான்.

கருப்பாக இல்லை, ஆனால் நடுத்தர வெளிச்சங்கள் எல்லாம் அமுங்கிக் கிடக்கின்றன என்றால் கோப்பு லீனியராக இருக்கலாம், அதாவது காமா 1.0. சில ரா மாற்றிகளில் லீனியர் டிஃப் என்று ஒரு தேர்வு உண்டு, தெரியாமல் டிக் விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்வது நல்லது. வளைகோட்டால் ஒப்பேற்றவும் முடியும், ஆனால் எதற்கு?

கட்டம் கட்டமாகத் தெரிகிறது, சிவப்பு எழுத்தின் ஓரம் கசிகிறது

1992-இல் வந்த ஜேபெக் தரம் இன்றும் உலகை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஜேபெக் படத்தை 8 க்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்விவரத்தைத் தூக்கி எறிகிறது. தர எண் குறையக் குறைய எறிவது கூடும், சதுரங்களின் கட்டம் வெளியே தெரியும். 80-க்கும் 90-க்கும் நடுவில் வைத்தால் பெரும்பாலான படங்களுக்குப் பிரச்சினை இல்லை. 100 வைப்பது வீண், கோப்பு வீங்கும் அளவுக்குக் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஓரம் கசிவது வேறு விஷயம். வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சேமிக்கும் வழக்கம் ஜேபெக்கில் உண்டு, 4:2:0 என்பார்கள். நிலக்காட்சியில் தெரியவே தெரியாது. கருப்புப் பலகையில் சிவப்பு எழுத்து, நீலப் பின்னணியில் சிவப்புக் கொடி என்றால் தெரியும். கிம்பின் ஏற்றுமதிப் பெட்டியில் 4:4:4 தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் சேமிப்புப் பெட்டியில் இப்படி ஒரு தேர்வு இல்லை, ஆனால் 12 வரை மட்டுமே போகும் அதன் தர எண்ணில் 7 முதல் 12 வரை நிறத்தைப் பாதியாக்காது, 6-ம் அதற்குக் கீழும் பாதியாக்கும். வெப்பி (WebP) கோப்பு வகையில் வழக்கமான சுருக்கம் எப்போதும் 4:2:0 தான். அதனால் எழுத்துள்ள படத்துக்கு வெப்பி பற்றி இருமுறை யோசியுங்கள்.

ஜேபெக்கைத் திறந்து, ஒரு சின்னத் திருத்தம் செய்து, மறுபடி ஜேபெக்காகவே சேமித்து, நாளைக்கு அதையே மறுபடி திறப்பது ஒரு கெட்ட பழக்கம். திருத்த வேண்டுமென்றால் டிஃபுக்குப் போங்கள்.

சிறிதாக்கியதும் மழுங்குகிறது, அல்லது பிசிறடிக்கிறது

6000 பிக்சல் அகலத்தை 2048-க்குக் கொண்டுவந்தால் மூலத்தில் கொடுத்த கூர்மை சராசரியாகிக் கரையும். அதனால் வெளியீட்டுக் கூர்மையைச் சிறிதாக்கிய பின்பே கொடுக்க வேண்டும். லைட்ரூமின் ஏற்றுமதியில் 'ஷார்ப்பன் ஃபார் ஸ்கிரீன்' இதைத் தானே செய்யும். மற்ற மென்பொருள்களில் அன்ஷார்ப் மாஸ்க், ஆரம் 0.3 முதல் 0.5 பிக்சல், அவ்வளவு போதும். விளிம்பில் வெள்ளைக் கோடு வந்தால் அதிகமாகிவிட்டது.

எதிர்த்திசைக் கோளாறும் உண்டு. கோபுரச் சிற்பங்கள், ஜன்னல் கம்பி, கட்டம் போட்ட சட்டை எல்லாம் சிறிதாகும்போது ஊர்வது போல மோரே கோலங்கள் விழும். 'நியரஸ்ட் நெய்பர்' முறை தேர்வாகியிருந்தால் அதுதான் காரணம். பைக்யூபிக் அல்லது லான்சோஸ் போடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், சிறிதாக்குவதற்கு முன் அந்த இடத்தை மட்டும் லேசாக மங்கலாக்குங்கள்.

எல்லாம் செய்தும் கோப்பு பெரிதாகவே இருக்கிறது

6000 க்கு 4000 படம், 16 பிட் டிஃபாக, சுருக்காமல் 144 எம்பி. 8 பிட்டாக்கினால் 72. ஆக, பிட்டைக் குறைப்பது பாதியை மட்டும்தான் குறைக்கும். பெரிய வெட்டு பிக்சல் எண்ணிக்கையில் இருக்கிறது. 2048 க்கு 1365-க்கு வந்தால் 2.4 கோடி பிக்சல் 28 லட்சமாகிறது, ஜேபெக்குக்கு முன்பே 8.4 எம்பிதான். திரையில் பார்ப்பதற்கு அதுவே நிறைவு.

72 டிபிஐ, 300 டிபிஐ சண்டையில் இறங்காதீர்கள். 'ரீசாம்பிள்' டிக் இல்லாமல் டிபிஐயை மாற்றினால் ஒரு பிக்சலும் குறையாது. அது அச்சகத்துக்கான குறிப்பு மட்டுமே.

பிக்சலும் தரமும் ஒழுங்காக இருந்தும் வீங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பிஎன்ஜியாகச் சேமித்துவிட்டீர்களா? பிஎன்ஜி எதையும் இழக்காது, 16 பிட்டையும் தாங்கும், அதனாலேயே புகைப்படத்துக்கு மிகப் பெரிதாகும். இரண்டு, உயர் ஐஎஸ்ஓவில் எடுத்த இரவுப் படமா? துகள் என்பது ஒழுங்கில்லாத விவரம், அதைச் சுருக்குவது எந்த முறைக்கும் கஷ்டம். இங்கே கொஞ்சம் நாய்ஸ் ரிடக்‌ஷன் நியாயமே. மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஃபோட்டோஷாப், ஒரு கோப்புக்குள் ஒட்டப்பட்ட மற்றக் கோப்புகளின் வரலாற்றை மெட்டாடேட்டாவில் (படத்தோடு ஒட்டியிருக்கும் குறிப்புகளில்) சேர்த்துக்கொண்டே போகும். பல ஆண்டுகளாக நகலெடுத்து நகலெடுத்துப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்களில் இது எம்பி கணக்கில் சேரும். சின்னப் படமே பல எம்பி காட்டினால் சந்தேகப்படுங்கள். 'எக்ஸ்போர்ட் ஆஸ்' பெட்டியில் மெட்டாடேட்டா 'நன்' என்று வைத்து எடுத்தால் தீர்ந்தது. அதோடு உங்கள் வீட்டின் ஜிபிஎஸ் இருப்பிடமும் கோப்பிலிருந்து போய்விடும், குழந்தைகள் படத்தைப் பகிரும் எல்லோரும் செய்ய வேண்டிய காரியம்.

16 பிட் டிஃபை அப்படியே அனுப்பியாக வேண்டிய கட்டாயம் இருந்தால் சுருக்கத்துக்கு 'ஜிப்' தேர்ந்தெடுங்கள். எல்இசட்டபிள்யூ 16 பிட்டில் பல நேரம் கோப்பைப் பெரிதாக்கிவிடும். மின்னஞ்சலில் இணைத்தால் கோப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னிடம் நன்றாக இருக்கிறது, அனுப்பியதும் கெடுகிறது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப் பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைத்து, தானே மறுபடி சுருக்கும். 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்டி தேர்வு கொஞ்சம் தாராளம், ஆனால் அதுவும் சுருக்கத்தான் செய்யும். ஒரு பிக்சலும் மாறக்கூடாது என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஆல்பம் தேர்வுக்கு வாடிக்கையாளருக்குப் படம் அனுப்புபவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் 'என்னண்ணே இவ்ளோ மங்கலா இருக்கு' என்ற ஃபோன் வராது.

இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080 பிக்சல். நிற்கும் படத்தை 4:5 விகிதத்தில் 1080 க்கு 1350 ஆக நீங்களே வெட்டிக் கொடுங்கள். 6000 பிக்சல் படத்தைக் கொடுத்தால் சிறிதாக்குவது அவர்கள், கூர்மையை முடிவு செய்வதும் அவர்கள். எப்படியும் மறுபடி சுருக்கப் போகிறார்கள் என்பதால், இந்தத் தளங்களுக்குக் கொடுக்கும் கோப்பில் தர எண்ணை மட்டும் 90-க்கு மேல் வைப்பதில் நியாயம் உண்டு.

இன்னும் சில

படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறதா? கேமரா பிக்சல்களைத் திருப்புவதில்லை, 'திருப்பிக் காட்டு' என்று மெட்டாடேட்டாவின் எக்ஸிஃப் பகுதியில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. மெட்டாடேட்டாவைத் துடைக்கும்போது அந்தக் குறிப்பும் போய்விடும். முதலில் திருத்தும் மென்பொருளில் திருப்பிச் சேமியுங்கள், அப்புறம் துடையுங்கள்.

நிறங்கள் தலைகீழாகவோ நியான் விளக்கு போலவோ தெரிந்தால் கோப்பு அச்சு மைகளுக்கான நிற முறையான சிஎம்ஒய்கேவில் இருக்கக்கூடும். ஃப்ளெக்ஸ் பேனருக்குத் தயாரித்ததை அப்படியே இணையத்துக்கும் போட்டிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்யுங்கள். அச்சுக்கு மாற்றியபோது போன நிறங்கள் திரும்பி வராது என்பதால், ஆர்ஜிபி மூலம் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஐஃபோனின் ஹெச்இஐசி கோப்பு விண்டோஸில் திறக்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்இஐஎஃப் நீட்சியோடு ஹெச்இவிசி நீட்சியும் தேவைப்படும். இரண்டாவதுக்குக் காசு கேட்கும். அது வேண்டாம் என்றால் ஃபோனின் 'செட்டிங்ஸ்' திறந்து 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துவிடுங்கள், இனி எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.

கடைசியாக, அண்மையில் அதிகம் கேட்கும் புகார். கைப்பேசியில் விளக்குகளும் வெயிலும் பளீரென்று ஒளிர்ந்த படம், ஒரு சின்ன வெட்டு வெட்டிச் சேமித்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து வரும் அல்ட்ரா ஹெச்டிஆர் ஜேபெக்குகளுக்குள் வழக்கமான 8 பிட் படத்தோடு 'கெயின் மேப்' என்று இன்னொரு சின்னப் படம் ஒளிந்திருக்கிறது. எந்த இடத்தை எவ்வளவு ஒளிரச் செய்ய வேண்டும் என்று அதுதான் திரைக்குச் சொல்கிறது. விவரம் தெரியாத மென்பொருள் அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுச் சேமிக்கும். ஃபோனின் சொந்த கேலரியிலேயே வெட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தப்பிக்கும். இல்லையென்றால் மூலத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள். பெறுபவரின் திரைக்கு ஒளிரும் வசதி இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் சாதாரண 8 பிட் படம் ஒழுங்காகவே தெரியும்.